மச்சினனை நான் விடவில்லை

நான் கால்பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன். பின்வரிசை. எதிரணி கோல் போடாமல் பார்ப்பதுதான் வேலை.

கண்டியில் இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். ரக்பி என்றால் எல்லோருக்கும் தெரியும். கிரிக்கெட் என்றால் பஸ் பிடித்துப் பல்லேகலவுக்குப் போவார்கள். என்னிடம் மட்டும் "எத்தன கோல் போட்ட?" என்று கேட்பார்கள். போடவில்லை என்பேன். "அப்ப எதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்பார்கள். நாங்கள் இருக்கிற மஹய்யாவயில் சலூன்காரரும் இதைத்தான் கேட்டார். என் மாமியாரும் இதைத்தான் கேட்டார். பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

என் மனைவியின் தம்பி கொழும்பு கிளப் ஒன்றில் முன்வரிசை. அவன் கோல் போடுகிறவன். அதனால் வீட்டில் அவன்தான் விளையாட்டுக்காரன். போன சீசனில் அவனைப் பார்க்க மாலைதீவிலிருந்து ஒரு ஏஜென்ட் வருகிறார் என்றார்கள். பிடித்துப்போனால் அங்கே கூட்டிக்கொண்டு போவார். ஏஜென்ட் பார்க்கப் போகிற மேட்ச் கண்டியில், எங்கள் கிளப்போடு. மச்சினனை மறிக்க வேண்டியவன் நான்.

மாமியார் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"மாப்ள, ஒரே ஒரு கோல். உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது?"

"அது என் வேல மாமி."

"வேலதான். ஒரு நாளைக்கு லீவு போட்டதா நெனச்சுக்கங்க."

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். "அவர விடுங்கம்மா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அன்னைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா ஓடினா என்ன?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்கு முன் பிள்ளையாருக்கு மூத்த மருமகன்தான் தேங்காய் உடைக்க வேண்டும். யார் பரீட்சை எழுதினாலும் நான்தான். யார் வெளிநாடு போனாலும் நான்தான். மேட்ச் அன்று காலையில் மாமியார் தேங்காயோடு வந்து நின்றார். உடைத்தேன். பொடியன் நன்றாக விளையாடட்டும் என்றுதான் உடைத்தேன். அதில் எனக்குக் குறையில்லை.

தேங்காய் நன்றாகச் சிதறியது. "மாப்ள கையாலேயே ஒடச்சிட்டாரு. இனி மறிக்க மாட்டாரு" என்று மாமியார் கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டார். ஒருவனுக்காகத் தேங்காய் உடைத்தவன் அவனுக்குக் குறுக்கே நிற்கக்கூடாதாம். இது எனக்கு அதுவரை தெரியாது. பகலுக்குள் மஹய்யாவ முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் கிளப்பில் ஜேசிச் சட்டை துவைக்கிறவரும் மஹய்யாவதான். அவர் கோச்சிடம் சொல்லிவிட்டார். உடுப்பு மாற்றும் இடத்தில் கோச் என் பக்கத்தில் வந்து நின்றார். "கோயிலுக்குப் போனாயாமே மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கேட்டார்.

"போனேன் சேர்."

"விளையாடுவாயா?"

"விளையாடுவேன்."

அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

மேட்ச் தொடங்கியது. மச்சினனும் நம்பியிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. திறந்த கேட்டுக்குள் வருகிறவன் மாதிரி நேராக என்னிடம் வந்தான். பந்தை எடுத்தேன். திரும்பவும் வந்தான். திரும்பவும் எடுத்தேன்.

"என்ன அத்தான், அம்மா சொன்னாங்களே."

"அம்மா வெளையாட வரல. நீ வெளையாடு."

மாமியார் சொந்தக்காரர்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். "மாப்ள, வெலகுங்க" என்று சத்தம் கேட்டது. ஏஜென்ட் தொப்பி போட்டுக்கொண்டு மேலே இருந்தார். மச்சினன் முதல் பாதி முழுக்க வீணாக்கினான். எங்கள் இடது பக்கத்தில் காலில் அடிபட்ட ஒருத்தன் விளையாடினான். அந்தப் பக்கம் போயிருந்தாலாவது ஏதாவது நடந்திருக்கும். போகவில்லை. நான் விலகுவேன் என்று என் முன்னாலேயே நின்றான்.

இரண்டாம் பாதியில் அவனுக்குக் கோபம் வந்தது. என்னோடு பேச்சை நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக விளையாடினான்.

பந்து அவன் காலுக்கு வந்தது. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் நெஞ்சில் சாய்ந்து நின்றான். அவன் எப்போதும் வலது பக்கம்தான் திரும்புவான். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நான் வலது காலில் பாரத்தை வைத்தேன். அவன் தோளை வலது பக்கம் அசைத்துவிட்டு இடது பக்கம் போனான். ஜேசியைப் பிடித்தேன். கையில் நிற்கவில்லை. நான் சேற்றில் விழுந்தேன். பந்து கோலுக்குள் போனது.

நல்ல கோல். எனக்கு எதிராக அப்படி ஒருத்தன் திரும்பி நான் கண்டதில்லை.

"மாப்ள வெலகிட்டாரு" என்று கத்தினார்கள். பக்கத்தில் விளையாடியவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோச் என்னை வெளியே எடுத்தார். அடுத்த மேட்சில் பெஞ்ச். அதற்கு அடுத்ததிலும் பெஞ்ச். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏஜென்ட் மச்சினனை எடுத்தார். மாமியார் வீட்டில் விருந்து வைத்தார்கள். எனக்குக் கோழிக்கால் இரண்டு விழுந்தது.

"மாமி, நான் விடல. அவன்தான் போனான்."

"சரி மாப்ள, சரி. வெளிய சொல்ல மாட்டோம். சாப்பிடுங்க."

மச்சினன் மாலைதீவிலிருந்து பேசினான். "நீங்க மட்டும் அன்னைக்கு வெலகாட்டி நான் இங்க இல்ல அத்தான்."

"வெலகல."

"உங்களுக்குப் பெரிய மனசு."

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அங்கே அவன் விளையாட்டு சரியில்லை. போனில் மேட்ச் பார்த்தேன். முன்னால் ஒருத்தன் நின்றால் பந்தைப் பின்னால் கொடுக்கிறான். அந்தத் திரும்பலை ஒரு தரமாவது செய்யவில்லை. செய்ய முடியும் என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லை. அத்தான் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்த கோல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த சீசனுக்கும் எடுப்பார்களா என்று தெரியாது.

போன வாரம் லீவில் வந்தான். பின்னேரம் பந்தையும் அவனையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

"அன்னைக்கு மாதிரி வா."

வந்தான். பந்தை எடுத்தேன். வந்தான். எடுத்தேன். "முடியாது அத்தான்" என்றான். வா என்றேன். தோளை அசைத்தான். எனக்குத் தெரியும், இடது பக்கம்தான் போவான். தெரிந்தும் பிடிக்க முடியவில்லை. எட்டிக் காலைப் போட்டேன், சறுக்கி விழுந்தேன். முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது.

அவன் பந்தோடு நின்று என்னைப் பார்த்தான்.

"இதுக்காக விழுந்து வேற காட்டணுமா அத்தான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழும்பினேன். மண்ணைத் தட்டினேன்.

"பந்த எடு. திரும்ப வா."

வந்தான். அடுத்த நாளும் கூட்டிப் போனேன். லீவு முடிகிற வரைக்கும் கூட்டிப் போவேன். எனக்கென்ன, பெஞ்சில்தானே இருக்கிறேன்.