டவர் கிடைக்கும் மரம்

எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியைச் சேர்ந்த சந்தோஷ்குமாருக்குக் கோபம் வந்தால் மரம் ஏறிவிடுவான். அவன் ஊரில் போனுக்கு டவர் கிடைப்பது மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில்தான். அரசியலோ சாமியோ, ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, இடுப்பைக் கயிற்றால் மரத்தோடு கட்டிக்கொண்டு, ஒரு கையால் மிளகு பறித்தபடியே மறு கையால் பேஸ்புக்கில் சண்டை போடுவான்.

அன்று 'உலகக் குடிமகன்' என்ற பெயரில் எவனோ எழுதியிருந்தான்: "எல்லா வேலைக்கும் இனி மெஷின் வந்துரும். மரமேறிப் பொழைக்கிற கூட்டமெல்லாம் ஒழியட்டும்."

சந்தோஷுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஒழியணுமா? எங்க மலைக்கு வந்து ஒரு மரம் ஏறிக் காட்டுடா!" என்று அனுப்பினான். பக்கத்து மரத்தில் போன் சத்தம் கேட்டது. "பேசுடா!" என்று இன்னொன்று அனுப்பினான். மறுபடியும் அங்கேதான் கேட்டது.

கொடியை விலக்கிப் பார்த்தான். பங்காளி தங்கராசு, தோளில் மிளகுச் சாக்கு தொங்க, பல்லைக் கடித்துக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

சந்தோஷ் சத்தமில்லாமல் இறங்கினான். தங்கராசு மரத்தில் சாய்த்திருந்த ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"டேய், ஏணிடா! நான் எப்படி எறங்கறது?"

"மெஷின் வரும், இருடா!"