இரவல் கன்றுகள்

அந்தமானின் பாராடாங் தீவில் எங்களுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் ஒரே கப்பலில் வந்த உறவு. அப்பா அவரைத் தம்பி என்பார், எனக்குச் சித்தப்பா. நட்ட தென்னங்கன்று உயிரோடு நின்றால் சர்க்கார் மானியம் தரும். பார்த்து எழுத ஒரு ஆபீசர் சாப் படகில் வருவார்.

சித்தப்பாவின் கன்றுகளை மான் தின்றுவிட்டது. சாப் அவர் நிலத்தை முதலில் பார்ப்பார், எங்களுடையதை அடுத்த வாரம். அதனால் அப்பா எங்கள் கன்றுகளை வேரோடு பெயர்த்து அங்கே கொண்டுபோய் நட்டார். நானும் மண் அணைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாப் எழுதிக்கொண்டு போன மறுநாள், கன்றுகளைத் திரும்ப எடுக்க அப்பா கடப்பாரையோடு போனார். சித்தப்பா மூங்கில் படலைத் திறக்கவே இல்லை.

"லிஸ்ட்ல ஏறிருச்சுண்ணே. இப்பப் புடுங்குனா நான் ஜெயிலுக்குப் போவணும்."

அடுத்த வாரம் சாப் எங்கள் வெறும் குழிகளைப் பார்த்து, எதுவும் நடவில்லை என்று எழுதினார். உண்மையைச் சொன்னால் அப்பாவும் மாட்டுவார்.

வருஷங்கள் கழித்து என் கல்யாணத்துக்குச் சித்தப்பா ஒரு மூட்டை தேங்காய் அனுப்பினார். ஊரே அவர் மனசைப் புகழ்ந்தது. திருப்பி அனுப்பச் சொல்லிக் கத்தினேன்.

அப்பா மூட்டையை அவிழ்த்தார். "எதுக்கு அனுப்பணும்? நம்ம காய்தான்."