அக்காவின் நன்மை

நற்கருணையை எங்கள் ஊரில் நன்மை என்போம். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற மெல்லிய அப்பம். அது என் அக்காவுக்குக் கிடையாது என்பதில் சாமியாரைவிட எங்கள் அம்மாதான் கறாராக இருந்தாள்.

அக்கா பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஓர் இந்துப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். மாதா கோயிலில் நடக்காத கல்யாணம் எங்களுக்குக் கணக்கில் வராது. மாப்பிள்ளையைக் கூட்டிவந்து கோயிலில் மறுபடி தாலி கட்டச் சொல்லுங்கள் என்று சாமியார் ஒரு வழி சொன்னார். மச்சான் சாது. "கட்டுன தாலிய எப்படிங்க அவுக்கச் சொல்றது?" என்று கேட்டதோடு சரி. அவர் கேட்டதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

அம்மா அவளை ஒதுக்கிவிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அக்கா செந்துறையில் பஸ் இறங்கி வந்தால் கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். திரும்பும்போது பை நிறைய முருங்கைக்காய் கட்டிக்கொடுப்பாள். ஆனால் பூசையில் எல்லோரும் வரிசைக்கு எழும்போது அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைப்பாள். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருப்பாள். உனக்கு ஆண்டவரைவிட அவருடைய சட்டதிட்டம்தான் நன்றாகத் தெரியும் என்று நான் அம்மாவிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். கடைசி நன்மை வாங்காமல் கண்ணை மூடிவிடக் கூடாது. அப்படிச் செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே இறங்கிவிடும்.

பக்கவாதத்தில் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்து பேச்சும் குழறிப்போனபோது, அக்காதான் வந்து தங்கிப் பீ மூத்திரம் அள்ளினாள். அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து நான் வரும்போதெல்லாம் அம்மா அவளையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். என்ன நினைக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கஞ்சித் தண்ணீரும் இறங்காமல் போன அன்று சாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன். நோயாளி ஒருத்திதானே என்று அவர் ஒரே அப்பம் கொண்டுவந்திருந்தார். தொண்டை தாங்காது என்று நக அளவு கிள்ளி அம்மாவின் நாக்கில் வைத்துவிட்டு, மீதியை அவரே உட்கொண்டார். அக்கா தள்ளி முழங்காலில் நின்றாள்.

அம்மா நல்ல கையை வாய்க்குள் விட்டாள். புரையேறிவிட்டது என்று அக்கா துண்டோடு ஓடினாள். அம்மா துண்டைத் தள்ளிவிட்டு, விரல் நுனியில் ஈரமாக ஒட்டியிருந்ததை அக்காவின் உதட்டுக்கு நேரே நீட்டினாள்.

"எனக்குக் கூடாதும்மா."

"தின்னு."

நன்மையைத் தின்பது என்று சொன்னதற்காகச் சின்ன வயதில் என் வாயிலேயே அடித்தவள் அவள். அதை வாங்குவது என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா சாமியாரைப் பார்த்தாள். என்னைவிட இளையவர், பாவம், அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஏற்கனவே மடித்துவிட்ட வெள்ளைத் துணியைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார். அக்கா வாயைத் திறந்தாள். அம்மா அவள் நாக்கில் விரலைத் துடைத்துவிட்டு, அவள் விழுங்கும்வரை தாடையை விடவில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய் அழுதேன்.

கிளம்பும்போது சாமியார் பைக்கைப் பிடித்தபடி, "நான் எதையும் பாக்கலங்க. அம்மாவுக்குக் காலையில வேற கொண்டாரேன்" என்றார்.

காலையில் அவர் வந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். அவர் தலைமாட்டில் மண்டியிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி அக்காவிடம், "கடைசி நன்மை குடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

"குடுத்தாச்சு" என்றாள் அக்கா.

யார் யாருக்குக் கொடுத்தது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அம்மா வெறும் வாயோடுதான் போனாள்.