ஒருத்தி கொடுத்த இரண்டு வாக்கு

லாஸ் வேகாஸில் அந்தப் பெரிய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒடெஸ்ஸா டாலிவரின் பெயர் காணாமல் போய்விட்டது. அவள் தொலைக்கவில்லை. பேட்ஜ் அடிக்கும் அறையில் உட்கார்ந்திருந்த ஒரு புத்திசாலி செய்த வேலை அது. அந்த ஊரில் ஓட்டல் சிப்பந்திகள் எல்லோரும் நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். மேலே பெயர், கீழே சொந்த ஊர். இவள் படிவத்தில் பெயர் ஒடெஸ்ஸா, ஊர் தலூலா என்று ஒழுங்காகத்தான் எழுதிக் கொடுத்தாள். லூசியானாவில் தலூலா என்று ஓர் ஊர் இருப்பது அந்த மகானுக்குத் தெரியாது. டெக்சஸில் ஒடெஸ்ஸா என்று ஓர் ஊர் இருப்பது மட்டும் நன்றாகத் தெரியும். பெண்களுக்குத் தலூலா என்று பெயர் வைப்பதும் உண்டு. பாவம், இந்தப் பெண் மாற்றி எழுதிவிட்டது என்று இரக்கப்பட்டு, தானே திருத்தி, ‘தலூலா, ஒடெஸ்ஸா, டெக்சஸ்’ என்று அடித்துக் கொடுத்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருப்பார்கள். ஒடெஸ்ஸாவுக்கு வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது. பிறவியிலேயே அப்படி. வாசலில் வந்து நின்ற விற்பனைக்காரர்களிடம் சரி சரி என்று சொல்லியே வீட்டில் நான்கு வேக்குவம் கிளீனர் சேர்ந்துவிட்டது. பாடத் தெரியாது என்று சொல்ல வராமல் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்து, இருபது வருடமாக உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே பேட்ஜைக் குத்திக்கொண்டு படுக்கை விரிக்கப் போனாள். விருந்தாளிகள் நெஞ்சைப் படித்துவிட்டு, “டெக்சஸா? அங்கே எண்ணெய்க் கிணறு நிறைய இருக்குமே?” என்பார்கள். “ஆமாங்க, நிறைய,” என்பாள். அவள் டெக்சஸைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக, அதுவும் பாதி தூக்கத்தில்.

இப்படி முப்பத்தோரு வருடம் போய்விட்டது. ஓட்டலில் தலூலா, சர்ச்சிலும் வீட்டிலும் ஒடெஸ்ஸா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை என்பதால் குடித்தனம் நிம்மதியாக நடந்தது.

தலூலாவின் உயிர்த்தோழி சொக்கோரோ வியசேன்யோர், மெக்சிகோக்காரி. ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்தில் இரண்டு பேரும் பதினெட்டு வருடம் சேர்ந்து வேலை. பெரிய மெத்தையைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தி தலைமாடு, ஒருத்தி கால்மாடு. ஒடெஸ்ஸாவின் புருஷன் ரூஃபஸ் செத்தபோது மூன்று வாரம் இவள் பங்கு அறைகளையும் சேர்த்துத் துடைத்தவள் சொக்கோரோ. தன் பேத்திக்கு ‘தலூலா’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான். ஞானஸ்நானத்தன்று பாதிரியார் அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றியபோது ஒடெஸ்ஸாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேக்கைத் தின்றுவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டாயிரத்தெட்டாம் வருடம் ஜனவரியில்தான் வந்தது வினை. கட்சிக்குள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் வெள்ளைக்கார அம்மா, இன்னொரு பக்கம் கறுப்பினத்துத் தம்பி. ஊரே இரண்டாகப் பிளந்து கிடந்தது.

மெத்தையின் மறுமுனையிலிருந்து சொக்கோரோ சொன்னாள்: “தலூலா, இவ்வளவு நாளா ஆம்பளைங்க ஆண்டு கிழிச்சது போதும். பொம்பளை ஒருத்தி வரட்டும். நீ எங்கூடத்தான் நிக்கணும், என்ன?”

“சரி,” என்றாள் தலூலா. கையில் போர்வை முனை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பாட்டில் உட்கார்ந்தபோது ரூஃபஸின் தங்கை வில்மெட்டா கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறவள். நாத்தனார் என்ற பதவியின் முழு அதிகாரத்தையும் செலுத்தத் தெரிந்தவள். “அண்ணி, நம்ம ஜனத்துல ஒருத்தன் அந்த நாற்காலிக்கு இவ்வளவு கிட்ட வந்ததை எங்கம்மா கண்டாளா, எங்கண்ணன் கண்டானா? நாமதான் கண்டிருக்கோம். நிப்பீங்கல்ல?”

“சரி,” என்றாள் ஒடெஸ்ஸா. வாயில் கோழிக்கறி இருந்தது.

பொய் இரண்டிலும் இல்லை. அந்தம்மாவையும் அவளுக்குப் பிடிக்கும், அந்தத் தம்பியையும் பிடிக்கும். தவிர, தேர்தல் என்றால் திரை இருக்குமே. திரைக்குப் பின்னால் போய் ஒரு கோடு கிழித்துவிட்டு வெளியே வந்து இருவரிடமும் சிரித்தால் போகிறது என்று நினைத்திருந்தாள். அந்த மாநிலத்தில் அந்த வருடம் திரை கிடையாது, மண்டபத்தில் கூடி, வேட்பாளருக்கு ஒரு மூலையாகப் பிரிந்து நின்று, தலையை எண்ணுவார்கள் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அதுவும் எங்கே? இவளுடைய ஓட்டலின் நடன மண்டபத்திலேயே. சுற்றுவட்டாரத்து ஓட்டல்காரர்கள் எல்லோரும் அங்கேதான் வர வேண்டும், வில்மெட்டா உட்பட.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். பதினொன்றரைக்கு ஒடெஸ்ஸா துணி அறைக்குள் புகுந்து துண்டு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். விதி விடவில்லை. மேனேஜர் ப்ரூயிட், வாழ்நாளில் துணி அறைப் பக்கம் வந்திராதவர், அன்றைக்கென்று கதவைத் திறந்தார். “இங்க என்ன பண்றீங்க? போங்க போங்க, இது உங்க உரிமை!” என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

வாசலில் வாக்காளர் பட்டியல். பேட்ஜை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ‘ஒடெஸ்ஸா டாலிவர்’ என்று கையெழுத்துப் போட்டாள். உள்ளே நுழைந்ததும் இடது பக்கமிருந்து, “தலூலா! இங்கடி!” என்று ஒரு குரல். வலது பக்கமிருந்து, “ஒடெஸ்ஸா அண்ணி! இந்தப் பக்கம்!” என்று இன்னொரு குரல். நடுவில் மேஜை மேல் பெரிய காப்பிப் பாத்திரம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்று, வேண்டாத காப்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தை நடத்தியவர் வென்டல், ஓட்டல் சூதாட்ட மேஜையில் முப்பது வருடம் சீட்டுப் போட்ட கிழவர். எண்ணி முடித்துவிட்டு மைக்கில் சொன்னார்: “அந்தம்மாவுக்கு நூத்துப் பதினெட்டு. தம்பிக்கு நூத்துப் பதினெட்டு. எந்தப் பக்கமும் சேராதவங்க ஒருத்தர். காப்பி பக்கத்துல.”

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒடெஸ்ஸா திருதிருவென்று விழித்தாள்.

“ஒருத்தர் மட்டும் தனி அணியா நிக்க விதி கிடையாதும்மா. அரை மணி நேரம் இருக்கு. ஏதாவது ஒரு பக்கம் போங்க. போகலேன்னா சமம். சமம்னா விதிப்படி பக்கத்துக்கு ஒரு சீட்டு உருவறதுதான், பெரிய சீட்டு ஜெயிக்கும்.” இதைச் சொல்லும்போதே கிழவர் பையிலிருந்து புதுச் சீட்டுக்கட்டை எடுத்துத் தடவிக்கொண்டார். முகத்தில் அப்படி ஓர் ஆசை.

அவ்வளவுதான், இரண்டு பக்கமும் பாய்ந்து வந்தார்கள். பிறந்ததிலிருந்து யாரும் அவளை அப்படிச் சூழ்ந்து நின்றதில்லை. வில்மெட்டா முன்னால் வந்தாள். “என்ன அண்ணி யோசனை? கண்ணாடியே பாக்கறதில்லையா? நீங்க யாருன்னு உங்களுக்கே மறந்துபோச்சா?”

“அவ பொம்பளை, அது மறக்கலை!” என்று சொக்கோரோ நடுவில் புகுந்தாள். “உங்க பக்கம் நிக்கறதைப் பாருங்க. காலேஜ் பசங்க, டை கட்டினவங்க, மேனேஜரு! முதுகு வலிக்க வேலை செய்யறவங்க எல்லாம் இங்க இருக்கோம்.”

“அந்தம்மா மாதிரிப் பெரிய இடத்துப் பொம்பளைங்க வீட்ல படுக்கை விரிச்சது யாருன்னு நினைக்கறே? எங்கம்மா மாதிரி ஆளுங்கதான்.”

“அந்தத் தம்பி மட்டும் தானே விரிச்சுக்கறானாக்கும்?”

ப்ரூயிட்டும் டையைச் சரிசெய்தபடி வந்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்க தலூலாம்மா, உங்களைப் போன்றவங்கதான் இந்த ஓட்டலோட முதுகெலும்பு,” என்றார். ஒடெஸ்ஸா உட்காராமலே கேட்டாள்: “அப்படியா? போன மாசம்தானே முதுகெலும்புக்குத் தினம் துடைக்க ரெண்டு அறை கூட்டிப் போட்டீங்க?” எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவேளை அந்தக் காப்பிதான் காரணமோ என்னவோ.

வந்தது வந்துவிட்டது, இனி நிறுத்த முடியவில்லை. “நான் பொறந்த அன்னிக்கே கறுப்பி, அன்னிக்கே பொம்பளை, அன்னிக்கே ஏழை. மூணையும் ஒண்ணாத்தான் சுமந்துக்கிட்டு வர்றேன். இன்னிக்கு நீங்க எல்லாரும் சேர்ந்து, ஒண்ணை வெச்சுக்க, ரெண்டைக் கீழ போடுன்னா எதைப் போடறது?”

வில்மெட்டா மெல்ல அவள் தோளைத் தொட்டு, “ஒடெஸ்ஸா அண்ணி…” என்றாள்.

சொக்கோரோவுக்கு எரிச்சல். “யாரும்மா அது ஒடெஸ்ஸா? அது அவ ஊரு. இவ தலூலா.”

“தலூலா இவங்க ஊரு! எங்கண்ணன் பொண்டாட்டி பேரு எனக்குத் தெரியாதா?”

வென்டல் பட்டியலைத் தூக்கிப் பார்த்தார். “டாலிவர், ஒடெஸ்ஸா. தலூலான்னு இங்க யாரும் இல்லையே?”

சொக்கோரோ பட்டியலைப் பார்த்தாள், பேட்ஜைப் பார்த்தாள், பிறகு தோழியின் முகத்தைப் பார்த்தாள். “பதினெட்டு வருஷம்,” என்றாள். “என் பேத்திக்கு ஊர் பேரா வெச்சேன்? கேக் தின்னியேடி பாவி!”

அந்தம்மாவாவது தம்பியாவது, தோழியின் முகம் இப்படிப் போனதுதான் ஒடெஸ்ஸாவுக்குப் பொறுக்கவில்லை. கிழவர் சீட்டைக் கலைக்கத் தொடங்கியிருந்தார், சரக் சரக்கென்று. பேசாமல் நின்றுவிட்டால் போதும், சீட்டு பார்த்துக்கொள்ளும், யாருக்கும் பொல்லாப்பில்லை. வாழ்நாள் முழுக்கச் செய்த அதே வேலைதான். செய்ததன் பலன் எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“சீட்டை உள்ள வைங்க,” என்றாள். “சொக்கோரோ, உனக்கு வாக்குக் கொடுத்தது தலூலா. அவ பட்டியல்லயே இல்ல. ஒடெஸ்ஸா அந்தத் தம்பிக்குக் கொடுத்திருக்கா. இருக்கறவ கொடுத்த வாக்கைத்தான் காப்பாத்த முடியும்.” சொல்லிவிட்டுத் தம்பி பக்கம் போய் நின்றாள். வில்மெட்டா கைதட்டப் போனாள். “நீ சும்மா இரு வில்மெட்டா. ‘நீங்க யாருன்னு மறந்துபோச்சா’ன்னு இன்னொரு தடவை கேட்டே, திரும்பிப் போயிடுவேன்.”

நூற்றுப் பத்தொன்பது, நூற்றுப் பதினெட்டு. கிழவர் சீட்டுக்கட்டைப் பைக்குள் வைத்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போலக் காரை எடுத்துக்கொண்டு சொக்கோரோவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். சொக்கோரோ வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள், டாக்சியில் உட்காருவதைப் போல. “முன்னாடி வாயேன்,” என்றதற்கு, “நான் தலூலாகூடத்தான் முன்னாடி உட்காருவேன். இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது,” என்றாள். செவ்வாயும் பின் சீட்டு, புதனும் பின் சீட்டு. மெத்தையைப் புரட்டும்போதுகூடத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஒடெஸ்ஸா தினமும் மன்னிப்புக் கேட்டாள்.

வியாழக்கிழமை ப்ரூயிட் உத்தரவின் பேரில் புது பேட்ஜ் வந்தது. ஒடெஸ்ஸா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். சொக்கோரோ பார்க்காததுபோலப் பார்த்தாள். பிறகு பொறுக்கமுடியாமல் பிடுங்கிப் படித்தாள். ‘டாலிவர், ஒடெஸ்ஸா, டெக்சஸ்.’

“அடப் பாவிகளா!” சொக்கோரோ தலையணையைக் கட்டிலில் எறிந்தாள். “மறுபடியும் ஊரா? நான் போய் அந்த ஆளை என்ன பண்றேன் பாரு!”

“நீ இரு,” என்றாள் ஒடெஸ்ஸா. “நானே போறேன்.”

அவள் கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “ஒடெஸ்ஸா!” அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. “கீழ தலூலான்னு ஒழுங்கா எழுத்துக்கூட்டிப் போடச் சொல்லு. அது என் பேத்தி பேரு.”

பேட்ஜ் அறையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். வாங்கிப் பார்த்துவிட்டு இனிமையாகச் சிரித்தாள். “புதுசு வர ரெண்டு வாரம் ஆகும்மா. அதுவரைக்கும் இதையே குத்திக்கறீங்களா?”

“மாட்டேன்,” என்றாள் ஒடெஸ்ஸா.