பொகோட்டாவில் சாந்தி பேசிய மொழி

1996 கோடையில் நானும் மனைவி சாந்தியும் லண்டன் நோர்பரியிலிருந்து கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவுக்குப் போனோம். லண்டனில் சாந்தியோடு விடியற்காலை ஆபீஸ் துப்புரவு வேலை செய்யும் கொலம்பியக்காரி ரோசாவின் தங்கைக்குக் கல்யாணம். சொந்தக்காரர் பலர் நாங்கள் கொழும்புக்குப் போவதாகவே விளங்கிக்கொண்டார்கள்.

மட்ரிட்டில் விமானம் மாறிப் பிற்பகலில் இறங்கினோம். நகரம் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெட்டியைத் தூக்கியதுமே மூச்சு வாங்கியது. வெயிலை நம்பிப் போனவனுக்கு லண்டன் மழைதான் கிடைத்தது. செங்கல் கட்டடங்கள், பின்னால் சுவர்போல் எழும் பச்சை மலை, கைகாட்டிய இடத்திலெல்லாம் நிற்கும் சின்ன பஸ்கள்.

உண்மையில் நான் நகரத்தைவிடச் சாந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டனில் டாக்டரிடமும் கவுன்சிலிலும் அவளுக்காகப் பேசுவது நான். இங்கே டாக்சிக்காரரோடு அவள் ரோசாவிடம் பழகிய அரைகுறை ஸ்பானிஷில் சிரித்துச் சிரித்துக் கதைத்தாள்.

“என்னவாம்?”

“நீங்கள் ஊமையோ எண்டு கேக்கிறார்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“வீட்டில கதைப்பார் எண்டனான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பை ரோசா எத்தனை விடியற்காலைகளில் கேட்டிருப்பாள் என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

ரோசா வீட்டில் சர்க்கரை கரைத்த சுடுதண்ணீர் தந்தார்கள். (உயரத்தால் வரும் தலையிடிக்கு இதம், மறுக்காதீர்கள்.) ரோசாவின் தாய் சாந்தியின் கன்னத்தைப் பிடித்து மெதுவாக ஏதோ கேட்டார். இருவரும் அழுதார்கள். நான் கோப்பையும் கையுமாக இருந்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் கேபிள் காரில் மொன்செராத்தே மலைக்குப் போனோம். ரோசாவின் தாய் என்ன கேட்டார் என்று மேலே வைத்துத்தான் சாந்தியிடம் கேட்டேன்.

“எங்கட முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டவ. ரோசாவுக்கு நான் சொன்னனான்.”

பிறந்த அன்றே போன பிள்ளை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

“என்னட்ட ஒருநாளும் சொல்லேல்லையே.”

“தமிழில சொல்ல வெளிக்கிட்டா அழுகைதான் வருது. ஸ்பானிஷில எனக்குக் கொஞ்சச் சொல்லுத்தான் தெரியும். அதால சொல்லி முடிக்க ஏலுமாயிருந்தது.”

ரோசா மேலிருந்த பொறாமை அப்போதும் போகவில்லை. இருந்தும் கேட்டேன்: “பிள்ளைக்கு என்ன பேர் வைக்க நினைச்சிருந்தனீர்?”

சொன்னாள். நானும் ஒரு பெயர் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: முதல் நாள் ஓய்வெடுங்கள். குடையும் கம்பளிச் சட்டையும் கட்டாயம். மலைக்குக் காலையிலேயே போங்கள். பிற்பகலில் முகில் மூடி நகரம் தெரியாமல் போய்விடும். நாங்கள் முகில் மூடிய பிறகும் அங்கேயே கதைத்துக்கொண்டிருந்தோம்.