‘உங்களுக்காக’ என்றொரு பெட்டி

கல்லூரி நூலகரை மாணவர்கள் ‘உஷ் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். வாசிப்பறையில் யாராவது வாயைத் திறந்தால் அவர் விடும் ‘உஷ்’ மாடிவரை கேட்கும்.

நூலகம் சந்தா கட்டும் இதழ்களும் மின்நூல்களும் ஏகப்பட்ட இணையதளங்களில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். பிள்ளைகள் தேடிச் சலித்து வெறுங்கையோடு போவதைப் பார்க்கச் சகிக்காமல், எல்லாவற்றையும் ஒரே தளத்தில் கொண்டுவரும் வேலையை அவர்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒருவர் உள்ளே நுழைந்தால் அவருடைய பாடத்துக்கு வேண்டியது மட்டும் கண்முன் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்த ஆசை அவரைப் பிழிந்து எடுத்துவிட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் துறைத்தலைவர்கள் தங்கள் துறைதான் மேலே வர வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள்.

“ஆளுக்கு ஒரு பக்கம் சார். உங்க பக்கத்துல உங்களோடதுதான் மேல இருக்கும்.”

“அதெல்லாம் சரிம்மா. மத்தவங்க பக்கத்துலயும் எங்களோடது மேல இருக்கட்டுமே?”

இப்படிப்பட்ட ஒரு கூட்டம் முடிந்து தலை கனத்து உட்கார்ந்திருந்தபோதுதான் கணினிப் பிரிவு நிரலாளர் வந்து கேட்டார்: “மேடம், அவங்க எடுத்த புத்தகத்த வச்சு, அடுத்து எது படிக்கலாம்னு அதுவே காட்டுற மாதிரி பண்ணிடலாமா?”

“பண்ணுங்க” என்றார். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. நிரலாளர் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

ஒவ்வொருவர் பக்கத்தின் உச்சியிலும் ‘உங்களுக்காக’ என்று ஒரு பெட்டி வந்தது. கல்லூரி முதல்வருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆய்வுக் குழு வரும்போது முதலில் இதைத்தான் காட்ட வேண்டும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்.

தளம் திறந்த சில வாரங்களில் வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் நூலகத்துக்கு வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். நூலகரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். வகுப்பில் ஒரு கட்டுரையைக் காட்டுவதற்காகப் பெரிய திரையில் தன் பக்கத்தைத் திறந்திருக்கிறார். ‘உங்களுக்காக: பிறந்த குழந்தையை இழந்த பெற்றோருக்கு’ என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் மூன்று புத்தகங்கள்.

“யாராவது சிரிச்சிருந்தாக்கூடத் திட்டிட்டுப் பாடத்த நடத்தியிருப்பேன் மேடம். ஒருத்தரும் மூச்சு விடல. அன்னையிலேர்ந்து எங்க போனாலும் துக்கம் விசாரிக்கிறாங்க. நானும் என் மனைவியும் இங்க யார்கிட்டயும் சொல்லல. சொல்லாம இருந்ததாலதான் என்னால வேலைக்கே வர முடிஞ்சுது.”

அப்படி ஒரு புத்தகத்தை முன்பு விரிவுரையாளருக்கு எடுத்துக் கொடுத்ததே நூலகர்தான். வேறு யாருக்கோ போலும் என்று நினைத்து, கேள்வி கேட்காமல் கொடுத்திருந்தார்.

“தப்பு என்னோடது சார்” என்றார்.

“உங்களத் திட்ட வரல. எடுத்துடுங்க, அது போதும்.”

அன்று இரவு நூலகர் வீட்டில் புலம்பித் தீர்த்தார். பேருந்து ஓட்டுநரான கணவர், வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

“எடுத்துட வேண்டியதுதானே?”

“முதல்வர் விடமாட்டாருங்க. அதக் காட்டித்தான் பேர் வாங்கணும்னு இருக்காரு.”

“கேட்டாத்தானே விடமாட்டாரு?”

மறுநாள் காலை நிரலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். பெட்டி போனது. வேண்டும் என்பவர் தானே தேர்ந்தெடுத்தால்தான் பரிந்துரை வரும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும், அதை எடுத்தவர் யார் என்ற பதிவும் அழிந்துவிடும்.

முதல்வர் குதித்தார். “என்னக் கேக்காம எப்படிம்மா கை வச்சீங்க?”

“சார், அவங்க என்ன படிக்கிறாங்கன்னு காட்டுறது நம்ம வேலை இல்ல.”

வந்த ஆய்வுக் குழு, “சாதாரணமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டே தளத்தின் பொறுப்பு வெளி நிறுவனம் ஒன்றிடம் போய்விட்டது. அவர்கள் ஏதாவது புதிதாகச் சேர்க்க வரும்போதெல்லாம் நூலகர் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இது பெரிய திரையில வந்தா பரவாயில்லையா?” அவர்களுக்கு அது சலித்துவிட்டது. அவருக்கும்தான்.

விரிவுரையாளர் இப்போதும் வருகிறார். தளத்தை அவர் தொடுவதே இல்லை. வேண்டிய புத்தகத்தின் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி நீட்டுவார். நூலகர் எழுந்து போய் எடுத்து வந்து, அட்டை கீழே இருக்கும்படி மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்து நிற்பவரைப் பார்ப்பார்.