கல் எடுத்த நாளில் நான் சொன்ன பொய்

இரண்டு வருடத்துக்கு முன்பு, பலாப்பழம் இறங்கும் ஆனி மாதத்தில் இது நடந்தது. எங்களுக்கு மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

எனக்குக் கண் மஞ்சளாகி, வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கியது. மலையிறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கிறது, வயிற்றைக் கிழிக்காமல் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"ஆனா ஒண்ணுங்க. கல்லு எடுத்தப்பறம் சில பேருக்குப் பக்கத்துல இருக்கற கணையம் வீங்கிடும். உயிருக்கே ஆபத்தா போனாலும் போகும். அது வராம இருக்க முன்னாடியே ஒரு மருந்து வெப்போம்."

மருந்தைக் கொண்டுவந்த நர்ஸைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பக்கத்து ஊர்ப் பெண். என் மகளோடு பள்ளியில் படித்தவள். மருந்து மெழுகில் செய்த தோட்டா மாதிரி இருந்தது. அதை வாயில் போடக்கூடாதாம், பின்பக்கமாக உள்ளே வைக்க வேண்டுமாம். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. மலைக்கு அவளும் நானும் ஒரே ஜீப்பில்தானே ஏற வேண்டும்?

"குடும்மா, நானே பாத்ரூமுல வெச்சிக்கறேன்."

"செரி பெரியப்பா. நல்லா உள்ள போவணும்."

தனியாக நின்றபோதும் எனக்குக் கை வரவில்லை. மருந்தைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். வெளியே வந்து, "வெச்சாச்சிம்மா" என்றேன். அவள் நம்பி, மருந்து வைத்தாயிற்று என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

ஊசி போட்டதும் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது, கல் எடுத்தாயிற்று என்றாள் மனைவி. பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் வரை நிம்மதியாக இருந்தது. அங்கே ஓர் ஆள் முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். ஆலங்காயத்துக்காரராம்.

"வேற ஊர்ல கல்லு எடுத்தோம்மா," என்று என் மனைவியிடம் சொன்னாள் அவர் மனைவி. "அன்னிக்கே கணையம் வீங்கிடுச்சி. பத்து நாளா பச்சத் தண்ணி எறங்கல."

என் வயிற்றில் லேசாக ஏதோ இழுத்தது. வலியா பயமா, தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் எழுதியது பொய்யாகிவிடும், அவளைத் திட்டுவார்கள். சொல்லாவிட்டால்? மனைவியின் காதில் சொன்னேன்.

"ஏரிக்கரையில ஒதுங்கறப்ப இல்லாத வெக்கம் இங்க இன்னா வந்துச்சி ஒனக்கு?" என்றவள், விறுவிறுவென்று போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினாள். "நீயே சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நேரே டாக்டரிடம் ஓடினாள். அவர் வந்ததும் நான் முந்திக்கொண்டு, "அந்தப் பொண்ணு மேல தப்பில்லிங்க, நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப வெச்சாலும் பலன் இருக்கு. இன்னும் தாமசம் பண்ணியிருந்தா கஷ்டம்."

ஆண் நர்ஸ் ஒருவர் அரை நிமிடத்தில் மருந்தை வைத்துவிட்டார். அவ்வளவுதான் வேலை. அப்புறம் அன்று முழுக்க வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது.

மருந்துதான் காப்பாற்றியதா என்று டாக்டரைக் கேட்டேன். மருந்து வைத்தாலும் சிலருக்கு வரும், வைக்காவிட்டாலும் சிலருக்கு வராது, வருகிற வாய்ப்பைக் குறைக்கத்தான் முடியும் என்றார். அந்தப் பெண் மட்டும், "என்னால முடியலன்னு சொல்லியிருந்தா, அப்பவே அந்த அண்ணன அனுப்பியிருப்பேனே பெரியப்பா" என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

இப்போதெல்லாம் டாக்டர் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால், போடாத நாளில் "இல்லிங்க" என்று சொல்லிவிடுகிறேன்; அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது.